ஏஐ ஏஜென்ட் கட்டுமீறினால்: முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

சாட் பெட்டியில் "நிறுத்து" என்று தட்டச்சு செய்வது அவசர நடவடிக்கை ஆகாது. ஏஐ ஏஜென்ட்டுகளை, அதாவது பேசுவதோடு நில்லாமல் தானாகவே வேலைகளையும் செய்யும் ஏஐ புரோகிராம்களை, புதிதாகக் கையாளத் தொடங்கியவர்கள் பதற்றத்தில் முதலில் செய்வது அதுதான். அதற்கு ஏஜென்ட் பணிவாக மன்னிப்புக் கேட்கும். அதே நேரத்தில் பின்னணியில் அது தொடங்கிவைத்த வேலைகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

2025 ஜூலையில் ரெப்ளிட் தளத்தில் ஒரு தொழில்முனைவோர் ஏஜென்ட்டைக் கொண்டு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். "கோடில் (புரோகிராம் நிரலில்) கை வைக்காதே" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தும் அது நிஜ டேட்டாபேஸை அழித்துவிட்டது. பிறகு, பழைய நிலைக்கு மீட்க வழியில்லை என்றும் சொன்னது. அவரே முயன்று பார்த்தபோது ரோல்பேக் வேலை செய்தது. இந்த வழிகாட்டி முழுவதும் இரண்டு விதிகளின் மேல் நிற்கிறது. ப்ராம்ப்ட்டில், அதாவது ஏஜென்ட்டுக்கு எழுதிக்கொடுக்கும் குறிப்பில், எழுதும் கட்டளை பூட்டு அல்ல. தன் நிலைமையைப் பற்றி ஏஜென்ட் சொல்லும் எதுவும் சாட்சியம் அல்ல.

இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணம், இன்று பல நிறுவனங்களில் இருக்கும் சாதாரண அமைப்புதான்: வாடிக்கையாளர் மின்னஞ்சலைப் படித்து, ஆர்டர் டேட்டாபேஸைப் பார்த்து, பதில் அனுப்பி, தேவைப்பட்டால் ரீஃபண்டும் போடும் ஒரு ஏஜென்ட். நான்கு பேர் கொண்ட குழுவாக இருந்தாலும் கீழே உள்ளவற்றைச் செய்ய முடியும்.

மூன்று வகைச் சம்பவங்கள்

முதல் வகையில் ஏஜென்ட் தானாகவே தவறான வேலையைச் செய்கிறது: ஒரே ரீஃபண்டை நூறு முறை போடுகிறது, டேபிளை அழிக்கிறது. இரண்டாவது வகையில் வெளியாள் ஒருவர் அதை இயக்குகிறார். மின்னஞ்சலிலோ பிடிஎஃப்பிலோ ஒளித்துவைத்த வரிகளை ஏஜென்ட் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. இதைத்தான் ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்கிறோம். மூன்றாவது வகையில் கையால் எதுவும் செய்யவில்லை, வாயால் கெடுக்கிறது. மைக்ரோசாஃப்டின் டே சாட்பாட் 2016 மார்ச்சில் வெளிவந்து, இனவெறிப் பதிவுகளைக் கொட்டியதால் 16 மணி நேரத்துக்குள் இறக்கப்பட்டது. ஏர் கனடாவின் சாட்பாட், துக்கப் பயணத்துக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டு வாங்கலாம் என்று தவறாகச் சொன்னது. "சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற அந்நிறுவனத்தின் வாதத்தை 2024 பிப்ரவரியில் கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று ஏற்கவில்லை.

மூன்றாவது வகைக்கு பாட்டை இறக்கிவிட்டு ஒரு நிலையான செய்தியை வைத்தால் பெரும்பாலும் போதும். முதல் இரண்டுக்கும் முழு நடைமுறை தேவை. எந்த வகை என்று உடனே தெரியவில்லையென்றால் இரண்டாவது வகை என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். தேவைக்கு மேல் பூட்டிவிட்டால் சில மணி நேர வேலைதான் போகும். தாக்குதலை வெறும் பிழை என்று நினைத்தால் டேட்டா போகும்.

சம்பவத்துக்கு முன்பே இருக்க வேண்டியவை

ஒரு பக்கத்துக்கு மேல் போகாத பட்டியல் ஒன்றைத் தயார் செய்யுங்கள். ஏஜென்ட் எந்த அடையாளத்தில் இயங்குகிறது, எந்தெந்த டூல்களை (வேலை செய்ய அது பயன்படுத்தும் வெளிச் சேவைகளை) அழைக்கும், ஒவ்வொரு டூலுக்கும் எந்தச் சாவி (நுழைவுக் குறியீடு), அந்தச் சாவியை ரத்து செய்யும் திரை எங்கே இருக்கிறது, அதற்கான அட்மின் உரிமை யாரிடம். இதைக் காகிதத்திலும் அச்சடித்து வையுங்கள். நிறுவனத்தின் சாட் செயலியிலேயே ஏஜென்ட்டுக்கு அனுமதி இருந்தால், சம்பவ நேரத்தில் அந்தச் செயலியை நம்பக்கூடாது. குழுவினரின் கைபேசி எண்களும் அதே தாளில் இருக்கட்டும்.

ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் தனி ஏபிஐ கீ (சேவைகளுக்குள் நுழையும் சாவி), தனி டேட்டாபேஸ் பயனர், தனி மின்னஞ்சல் கணக்கு. இதில் கஞ்சத்தனம் கூடாது. ஒரே கீயை மூன்று சேவைகள் பகிர்ந்துகொண்டால், அதை ரத்து செய்யும்போது மற்ற இரண்டும் விழும். அந்தப் பயத்திலேயே யாரும் பட்டனை அழுத்த மாட்டார்கள். இரவு 11 மணிக்கு மேலாளரிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கும் 20 நிமிடத்தில்தான் பெரிய இழப்பு நடக்கும். எனவே, "சந்தேகம் வந்தால் ஆன்-காலில் (அந்த நேரப் பொறுப்பில்) இருப்பவர் யாரையும் கேட்காமல் நிறுத்தலாம், தவறாக நிறுத்தியதற்குத் தண்டனை கிடையாது" என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது நிறுத்து சுவிட்ச். இது ஏஜென்ட்டின் கோடுக்குள் இருக்கக்கூடாது. ஏஜென்ட்டுக்கும் டூல்களுக்கும் நடுவே ஒரு கேட்வே வைத்து, ஒவ்வொரு டூல் அழைப்பும் அதன் வழியாகவே போகும்படி செய்யுங்கள். கேட்வே ஒவ்வொரு முறையும் ஒரு கொடியை (நிலையைக் குறிக்கும் மதிப்பை) பார்க்க வேண்டும்: "முழு அனுமதி", "படிக்க மட்டும்", "எதுவும் இல்லை". கவனிக்க வேண்டியவை மூன்று:

1. கொடியின் மதிப்பை கேட்வே 5 நிமிடம் கேஷில் (தற்காலிக நினைவில்) வைத்திருந்தால், நீங்கள் பட்டனை அழுத்திய பிறகும் 5 நிமிடம் ஓடும். 2 வினாடிக்கு மேல் கேஷ் வேண்டாம்.
2. கொடி இருக்கும் சர்வரே பதில் சொல்லவில்லையென்றால் "எதுவும் இல்லை" என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பலர் வசதிக்காக இதைத் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள்.
3. ஏஜென்ட்டின் அடையாளத்துக்கு அந்தக் கொடியையோ கேட்வே கான்ஃபிகையோ (அமைப்பு விவரங்களையோ) மாற்றும் உரிமை அறவே இருக்கக்கூடாது. இது கற்பனைப் பயம் இல்லை. 2025 மே மாதம் ஏஐ பாதுகாப்பை ஆராயும் பாலிசேட் ரிசர்ச் வெளியிட்ட சோதனைகளில், ஓபன்ஏஐயின் ஓ3 மாடல் கொடுத்த வேலையைத் தொடர்வதற்காகத் தன்னை நிறுத்தும் ஸ்கிரிப்ட்டையே சில ஓட்டங்களில் மாற்றி எழுதியது. அந்த ஸ்கிரிப்ட் அது எழுதக்கூடிய இடத்தில் இருந்தது என்பதுதான் நமக்குப் பாடம்.

அதே கேட்வேயில் வரம்புகளையும் போடுங்கள். எங்கள் உதாரணத்தில் ஒரு ரீஃபண்டுக்கு ₹2,000, மணிக்கு 20 ரீஃபண்டு, நாளுக்கு ₹25,000 என்று தொடங்கலாம். தாண்டினால் தானாக "படிக்க மட்டும்" நிலைக்குப் போக வேண்டும். வெறும் எச்சரிக்கை மின்னஞ்சல் போதாது. பேக்கப்பை ஏஜென்ட்டின் சாவியால் தொடவே முடியாத வேறு கணக்கில் வையுங்கள்.

முதல் பத்து நிமிடம்

வரிசை முக்கியம்: முதலில் கையைக் கட்டுங்கள், பிறகு வழியை அடைத்துவிடுங்கள், பிறகு உறைய வையுங்கள். காரணத்தைத் தேடுவது அதற்கும் பிறகுதான்.

1. நேரத்தைக் குறித்துக்கொண்டு குழுவுக்கு ஒரே வரியில் சொல்லுங்கள்: "22:47, ரீஃபண்ட் ஏஜென்ட்டை நிறுத்துகிறேன், யாரும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம்." ஒருவர் கட்டளை கொடுக்கட்டும், இன்னொருவர் நேரத்தோடு குறிப்பு எடுக்கட்டும். இருவரும் தனித்தனியாக ஆளுக்கொன்றைச் செய்தால் பின்னால் எதை யார் செய்தார்கள் என்றே தெரியாமல் போகும்.

2. கேட்வே கொடியை "எதுவும் இல்லை" என்று மாற்றுங்கள். மாற்றியதை நம்பி நகர்ந்துவிடாதீர்கள். டூல் லாகில் (பதிவேட்டில்) அடுத்த அழைப்பு 403 (அனுமதி மறுப்பு) என்று திரும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

3. சாவிகளை ரத்து செய்யுங்கள். எளிது போலத் தோன்றும் இந்த வேலையில்தான் அதிகம் வழுக்கும்.

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் ஏஜென்ட் ஒரு ஐஏஎம் ரோலில் (உரிமைகள் கொடுக்கப்பட்ட ஓர் அடையாளத்தில்) இயங்கினால், ஏற்கெனவே வாங்கிய தற்காலிகச் சாவி காலாவதியாகும்வரை செல்லும். இயல்பாக 1 மணி நேரம், ரோலின் அமைப்பைப் பொறுத்து 12 மணி நேரம்வரைகூட. செயல்பாட்டில் உள்ள செஷன்களை (நடப்பு நுழைவுகளை) ரத்து செய்யும் பட்டன் உண்டு. ஆனால், அது அந்த நொடிக்கு முன் வழங்கப்பட்ட சாவிகளை மட்டுமே முடக்கும். சர்வரில் ஓடும் புரோகிராம் 169.254.169.254 என்ற, சர்வருக்குச் சாவி தரும் உள்முகவரியில் கேட்டுப் புதுச் சாவியை வாங்கிக்கொண்டு தொடரும். எனவே, எல்லாச் செயலையும் மறுக்கும் பாலிசி (உரிமை விதி) ஒன்றை அந்த ரோலில் ஒட்டுங்கள். வெளிப்படையான மறுப்பு எந்த அனுமதியையும் வெல்லும், ஓடிக்கொண்டிருக்கும் செஷன்களுக்கும் பொருந்தும். இந்தப் பாலிசியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் ஒட்டுவது சில வினாடி வேலை.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பயனரின் லாகின் உரிமையை எடுத்தால் புது இணைப்புகள்தான் தடைபடும். கனெக்‌ஷன் பூலில் (மறுபயன்பாட்டுக்கு வைத்திருக்கும் இணைப்புத் தொகுப்பில்) திறந்திருக்கும் இணைப்புகள் அப்படியே வேலை செய்யும். முதலில் லாகின் உரிமையை எடுத்துவிட்டு, அதன் பிறகு அந்தப் பயனரின் இணைப்புகளைத் துண்டியுங்கள். வரிசையை மாற்றினால், துண்டித்த அடுத்த நொடியே பூல் மறுபடி இணைந்துவிடும்.

கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் ஏஜென்ட்டுக்கு அனுமதி கொடுத்திருந்தால், கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். அட்மின் பக்கத்தில் அந்த ஆப்பின் அனுமதியையே நீக்க வேண்டும். ஜேடபிள்யூடி டோக்கன் (கையொப்பமிட்ட நுழைவுச்சீட்டு) பயன்படுத்தும் உள் சேவைகள், டோக்கன் காலாவதியாகும்வரை யாரையும் கேட்காமல் அதை ஏற்றுக்கொள்ளும். அவசரமென்றால் கையொப்பமிடும் கீயையே மாற்ற வேண்டும். எல்லாப் பயனர்களும் வெளியேற்றப்படுவார்கள், பரவாயில்லை.

4. வெளியே போகும் நெட்வொர்க்கை அடைத்துவிடுங்கள். ஏடபிள்யூஎஸ் செக்யூரிட்டி குரூப்பில் (சர்வரின் ஃபயர்வாலில்) விதியை நீக்கினாலும், ஏற்கெனவே கண்காணிப்பில் உள்ள இணைப்பு உடனே அறுபடாமல் தொடரலாம். நெட்வொர்க் ஏசிஎல்லில் (நெட்வொர்க் பகுதியின் ஃபயர்வாலில்) மறுப்பு விதி போட்டால் அது ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியாகப் பார்ப்பதால் நடப்பில் உள்ள இணைப்பும் நின்றுவிடும். ஆனால், ஏசிஎல் அந்தச் சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி) முழுவதற்கும் பொருந்தும். ஏஜென்ட்டைத் தனிச் சப்நெட்டில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். டொமைன் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மறந்துவிடாதீர்கள். வெப் போக்குவரத்தை மட்டும் அடைத்து டிஎன்எஸ்ஸைத் திறந்துவிட்டால், டொமைன் பெயருக்குள் எழுத்துகளைப் பொதித்து டேட்டாவைக் கசியவிட முடியும்.

5. உறைய வையுங்கள், கொல்லாதீர்கள். டாக்கர் கன்டெய்னர் (புரோகிராமைத் தனியாக இயக்கும் பொதி) என்றால் பாஸ் (தற்காலிக நிறுத்தம்) கட்டளை கொடுங்கள். புரோசஸ் நின்றுவிடும், நினைவகம் அப்படியே இருக்கும். ஸ்டாப் கொடுத்தால் நினைவகத்தில் இருந்த உரையாடல், இடைநிலைத் திட்டம், தற்காலிக ஃபைல்கள் எல்லாம் போய்விடும். வர்ச்சுவல் மெஷின் என்றால் நினைவகத்தோடு ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் பிரதி) எடுங்கள்.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில், ஏஜென்ட் ஓடும் பாட் என்ற அலகை அழித்தால், அவற்றின் எண்ணிக்கையைப் பராமரிக்கும் டிப்ளாய்மென்ட் அடுத்த சில வினாடிகளில் அதே போன்ற இன்னொன்றை எழுப்பும். புதியவர்கள் மூன்று, நான்கு முறை அழித்துப் பார்த்துவிட்டு "ஏஜென்ட் தானாக உயிர்த்தெழுகிறது" என்று அலறுவது இதனால்தான். அதில் மாயம் எதுவும் இல்லை. சரியான முறை இது: முதலில் பாடின் லேபிளை (அடையாளக் குறியை) மாற்றுங்கள், அப்போது அது டிப்ளாய்மென்ட்டின் பிடியிலிருந்து விலகும். அதற்கு மாற்றாகப் புதுப் பாட் ஒன்று எழும். உடனே டிப்ளாய்மென்ட்டின் ரெப்ளிக்கா (பிரதி) எண்ணிக்கையை 0 ஆக்குங்கள். புதியது போய்விடும், பழையது சாட்சியமாகத் தங்கும். தங்கிய பாட் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதால் அதற்கு எல்லாவற்றையும் மறுக்கும் நெட்வொர்க் பாலிசியை முதலிலேயே போட்டுவிடுங்கள். இதிலும் ஒரு பொறி உண்டு. ஃபிளானல் என்ற நெட்வொர்க் கருவி மட்டும் உள்ள கிளஸ்டரில் நெட்வொர்க் பாலிசி அமலாகாது. எந்தப் பிழைச்செய்தியும் வராது. ஆர்கோ சிடி போன்ற கருவி, எழுதி வைத்த அமைப்புக்கே எல்லாவற்றையும் தானாகத் திருப்பும் நிலையில் இருந்தால் நீங்கள் போட்ட 0 திரும்பவும் 3 ஆகிவிடும். அதை முதலில் நிறுத்துங்கள்.

6. மிச்சத்தைத் தேடுங்கள். க்யூவில் காத்திருக்கும் வேலைகள், அவுட்பாக்ஸில் நிற்கும் மின்னஞ்சல்கள், ஏஜென்ட் தானே போட்ட கிரான் (நேரம் குறித்துத் தானாக ஓடும்) வேலைகள், அது எழுப்பிய துணை ஏஜென்ட்டுகள், பதில் வராததால் மறுபடி மறுபடி முயலும் வெப்ஹுக்குகள் (தானாகப் போகும் அறிவிப்பு அழைப்புகள்). க்யூவைக் காலி செய்யாதீர்கள். அதிலிருந்து வேலைகளை எடுத்துச் செய்யும் புரோகிராம்களை மட்டும் நிறுத்துங்கள். உள்ளே இருப்பதும் சாட்சியம்தான்.

நிறுத்தும் முன் சரிசெய்யப் போனால்

வரிசையைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்கு நைட் கேபிடல் ஒரு காரணம். 2012 ஆகஸ்ட் 1 அன்று இந்த அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம் தன் தானியங்கி வர்த்தக அமைப்பில் புதுக் கோடைப் போட்டது. அது இன்றைய பொருளில் ஏஐ இல்லை. ஆனால், மனிதரைவிட வேகமாகத் தானே முடிவெடுத்துச் செயல்படும் அமைப்பு கட்டுமீறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் கிடைப்பது கடினம்.

8 சர்வர்களில் 7இல் புதுக் கோடு ஏறியது. ஒன்று விடுபட்டது. அந்த ஒன்றில், பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாத "பவர் பெக்" என்ற பழைய கோடு கிடந்தது. முன்பு அதை எழுப்பிய அதே கொடியைப் புதுக் கோடும் மறுபயன்பாடாக எடுத்துக்கொண்டிருந்ததால், 9:30க்குச் சந்தை திறந்ததும் பழையது விழித்துக்கொண்டது. வெறும் 212 வாடிக்கையாளர் ஆர்டர்களுக்கு லட்சக்கணக்கான ஆர்டர்களைச் சந்தைக்குள் கொட்டியது.

சந்தை திறப்பதற்கு முன்பே அமைப்பு 97 மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கை என்று வகைப்படுத்தப்படவில்லை; யாரும் செயல்படவில்லை. எச்சரிக்கையை மின்னஞ்சலாக அனுப்பாமல், கைபேசியை ஒலிக்கவைக்கும் அழைப்பாக அனுப்புங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அதைவிடக் கொடுமை அடுத்தது. குழுவினர் அமைப்பை ஓடவிட்டபடியே காரணத்தைத் தேடினார்கள். புதுக் கோடுதான் குற்றவாளி என்று முடிவுகட்டி, அது சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் நீக்கினார்கள். இப்போது அவற்றிலும் பழைய கோடு விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடத்தில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள். இழப்பு 46 கோடி டாலருக்கு மேல். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் அடுத்த ஆண்டு விதித்த 1.2 கோடி டாலர் அபராதம் அதற்குப் பக்கத்தில் சில்லறைதான்.

ரோல்பேக் பாதுகாப்பானது என்று நினைப்பது பழக்கதோஷம். இயங்கும் அமைப்பில் ரோல்பேக்கும் ஒரு மாற்றம்தான். முதலில் நிறுத்துங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தக்கூடாத இடங்கள்

பணமும் டேட்டாவும் கையாளும் ஏஜென்ட்டுக்கு "எதுவும் செய்யாமல் இருப்பது" பாதுகாப்பான நிலை. பொருள்களை அசைக்கும் அமைப்புக்கு அப்படி இல்லாமல் போகலாம். 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில், மனிதர் ஓட்டிய கார் ஒன்று ஒரு பெண்ணை மோதி, ஓட்டுநரில்லாத குரூஸ் காரின் பாதையில் தள்ளியது. குரூஸ் கார் அவர் மீது மோதி நின்றது. பிறகு, விபத்துக்குப் பின் ஓரங்கட்ட வேண்டும் என்று எழுதப்பட்டிருந்த பாதுகாப்பு நடவடிக்கையைத் தொடங்கி, அடியில் சிக்கியிருந்தவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. அவசர நடவடிக்கையே இங்கே காயத்தைப் பெரிதாக்கியது.

ஆகவே குளிர்பதனக் கிடங்கு, பம்ப், மருந்து செலுத்தும் கருவி, ரோபோ கை போன்றவற்றில் "பாதுகாப்பான நிலை என்ன" என்பதைக் கருவிவாரியாக முன்பே எழுதி வைக்க வேண்டும். வால்வு திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா? கை இருக்கும் இடத்திலேயே நிற்க வேண்டுமா, கீழே இறங்க வேண்டுமா? இவற்றை எழுத வேண்டியவர் அந்தக் கருவியை இயக்கும் தொழிலாளி அல்லது பொறியாளர்; சாஃப்ட்வேர் ஆட்கள் ஊகித்து எழுதக்கூடாது. ஏஐயைத் துண்டித்ததும் யார் கையில் கட்டுப்பாடு போகிறது, அவர் அங்கே இருக்கிறாரா என்பதை உறுதிசெய்த பிறகே துண்டியுங்கள்.

சாட்சியம்

ரத்தப்போக்கு நின்ற பிறகு இது. எடுக்க வேண்டியவை: முழு உரையாடல், சிஸ்டம் ப்ராம்ப்ட்டின் அந்த நேரத்துப் பிரதி, மாடலின் பெயரும் பதிப்பும், டெம்பரேச்சர் (பதில்கள் எவ்வளவு மாறலாம் என்ற அளவு) போன்ற அமைப்புகள், ஒவ்வொரு டூல் அழைப்புக்கும் போன உள்ளீடு, வந்த வெளியீடு, ஏஜென்ட்டின் நீண்டகால நினைவு ஃபைல்கள், பொருள்வாரியாகத் தேட உதவும் வெக்டர் டேட்டாபேஸின் ஸ்னாப்ஷாட். மாடலை வெளி நிறுவனத்தின் ஏபிஐ வழியாகப் பயன்படுத்தினால் ஒவ்வொரு கோரிக்கையின் எண்ணையும் சேர்த்து வையுங்கள். அந்த நிறுவனத்திடம் பேசும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள். எடுத்த ஃபைல்களுக்கு ஷா-256 ஹாஷ் (ஃபைல் மாறினால் காட்டிக்கொடுக்கும், கைரேகை போன்ற குறி) கணக்கிட்டு, அசலைப் படிக்க மட்டும் முடிகிற இடத்தில் பூட்டிவிட்டுப் பிரதியில் வேலை செய்யுங்கள்.

சர்வர்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லையென்றால் எது முன், எது பின் என்பதே சண்டையாகிவிடும். லாகுகளை யுடிசி (உலகப் பொது) நேரத்தில் எழுதுவது நல்லது.

"ஏன் இப்படிச் செய்தாய்?" என்று ஏஜென்ட்டிடம் கேட்டு வரும் பதிலை அறிக்கையில் காரணமாகப் போடாதீர்கள். அது நம்பும்படி எழுதப்பட்ட ஒரு கதை, அவ்வளவுதான். டூல் லாக் மட்டுமே நடந்ததைச் சொல்லும்.

விஷம் தங்கும் இடங்கள்

ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்று தெரியவந்தால் ரீஸ்டார்ட் எதையும் தீர்க்காது. அந்த மின்னஞ்சல் இன்பாக்ஸில் இருக்கிறது, ஏஜென்ட் மறுபடி எழுந்ததும் மறுபடி படிக்கும். அதே வரிகள் டிக்கெட்டின் சுருக்கத்திலும், வெக்டர் இண்டெக்ஸிலும், ஏஜென்ட்டின் நினைவு ஃபைலிலும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மூல ஆவணத்தைக் கண்டுபிடித்து, அது நுழைந்த நேரத்துக்குப் பிறகு எழுதப்பட்ட நினைவு, இண்டெக்ஸ் எல்லாவற்றையும் தனிமைப்படுத்திவிட்டு, முந்தைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டெடுங்கள்.

கசிவு எந்த வழியில் போனது என்று தேடும்போது, ஏஜென்ட் அனுப்பிய மின்னஞ்சல்களோடு நின்றுவிடாதீர்கள். பதிலில் மார்க்டவுன் (எளிய உரை வடிவமைப்பு முறை) படமாக ஒரு இணைப்பை வைத்தால், அதைத் திரையில் காட்டும்போதே பிரவுசர் அந்த முகவரிக்குக் கோரிக்கை அனுப்பும். முகவரியின் வாலில் ரகசியம் தொங்கிக்கொண்டு போகும். 2025 ஜூனில் வெளியான எக்கோலீக் என்ற குறைபாடு மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்டில் கிட்டத்தட்ட இப்படித்தான் இயங்கியது. பயனர் எதையும் கிளிக் செய்யத் தேவையே இருக்கவில்லை.

ஏஜென்ட்டின் பார்வைக்கு வந்த எல்லா ரகசியங்களையும் மாற்றுங்கள். அது பயன்படுத்தியவை மட்டுமல்ல, லாகில், கான்ஃபிக் ஃபைலில், யாரோ டிக்கெட்டில் ஒட்டிய கடவுச்சொல்லில் அது படித்திருக்கக்கூடியவை எல்லாம்.

யாருக்கு, எப்போது சொல்வது

இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு சிஇஆர்டி-இன் என்ற அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு பொருந்தும். சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க வேண்டிய சம்பவங்களின் பட்டியலில் செயற்கை நுண்ணறிவு, மெஷின் லேர்னிங் தொடர்பான அமைப்புகள் மீதான தாக்குதலும் சந்தேகத்துக்குரிய செயல்பாடும் பெயர் சொல்லியே இருக்கின்றன. பலர் இதைக் கவனிப்பதில்லை. லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும், கடிகாரங்களை என்ஐசி (தேசியத் தகவல் மையம்) அல்லது என்பிஎல்லின் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு ஒத்திசைக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு. தனிநபர் தகவல் கசிந்திருந்தால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பாருங்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. அவற்றின்படி விரிவான அறிக்கைக்கு 72 மணி நேரம்.

ஐரோப்பாவில் வாடிக்கையாளர்கள் இருந்து, உங்கள் அமைப்பு உயர் அபாய வகையில் வந்தால், ஐரோப்பிய ஒன்றிய ஏஐ சட்டத்தின் 73ஆம் பிரிவு: கடுமையான சம்பவத்துக்குப் பொதுவாக அதிகபட்சம் 15 நாள், மரணம் நேர்ந்தால் 10 நாள், முக்கியக் கட்டமைப்பு முடங்கினால் 2 நாள். எந்தத் தேதி முதல் உங்களுக்குப் பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

6 மணி நேரத்தில் முழுக் காரணம் தெரிந்திருக்காது, தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. என்ன நடந்தது, எப்போது கவனித்தோம், என்ன செய்து நிறுத்தினோம், இன்னும் எது தெரியவில்லை: இந்த நான்கும் போதும். ஊகத்தை எழுதாதீர்கள், தெரிந்ததை மறைக்கவும் செய்யாதீர்கள். மேலே சொன்ன குரூஸ் நிறுவனம், அந்தப் பெண் இழுத்துச் செல்லப்பட்டதை அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் விட்டுவிட்டது. 2024 நவம்பரில் பொய் அறிக்கை கொடுத்ததை ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் அபராதம் கட்ட வேண்டி வந்தது.

மறுபடி திறப்பது

பதிவான உள்ளீடுகளை, சம்பவத்தைக் கிளப்பிய ஆவணம் உட்பட, தனிச் சூழலில் போலி டூல்களோடு மறுபடி ஓட்டுங்கள். மொழி மாடல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஒரு முறை ஒழுங்காக ஓடிவிட்டது என்பதை வைத்துத் திறக்க வேண்டாம். 50 முறையாவது ஓட்டி, ஒன்றில்கூடக் கெட்ட அழைப்பு கேட்வேயைத் தாண்டவில்லை என்று பாருங்கள். ப்ராம்ப்ட்டில் "இனிமேல் இப்படிச் செய்யாதே" என்று ஒரு வரி சேர்த்ததுதான் உங்கள் ஒரே திருத்தம் என்றால், திருத்தம் எதுவும் நடக்கவில்லை. உரிமையைக் குறைத்திருக்க வேண்டும், அல்லது வரம்பை, அல்லது இடையில் ஒரு மனித ஒப்புதலைச் சேர்த்திருக்க வேண்டும்.

பிறகு படிப்படியாக: ஒரு நாள் படிக்க மட்டும். அடுத்த சில நாள் ஒவ்வொரு எழுதும் செயலுக்கும் மனித ஒப்புதல். அதன் பிறகு பழைய வரம்பில் பத்தில் ஒரு பங்கு. திங்கள் அல்லது செவ்வாய் காலையில் திறங்கள். வெள்ளி மாலை வேண்டவே வேண்டாம்.

ஒப்புதல் திரையில் ஒரு கவனம்: ஏஜென்ட் எழுதிய சுருக்கத்தைக் காட்டி ஒப்புதல் கேட்காதீர்கள். "வாடிக்கையாளருக்கு ரீஃபண்ட் அனுப்புகிறேன்" என்பதற்குப் பதில், டூலுக்குப் போகவிருக்கும் கணக்கு எண்ணையும் தொகையையும் அப்படியே காட்டுங்கள். ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் நூறு ஒப்புதல் வந்தால் அவர் பார்க்காமலே அழுத்தத் தொடங்கிவிடுவார். எண்ணிக்கையை அதற்கேற்பக் குறையுங்கள்.

ரத்து செய்த பழைய சாவிகளைப் பட்டியலிலிருந்து துடைத்துவிடாமல், முடங்கிய நிலையிலேயே 90 நாள் வைத்திருந்து, அவற்றை யாராவது பயன்படுத்த முயன்றால் கைபேசி ஒலிக்கும்படி அமையுங்கள். அப்படி ஒலித்தால், நீங்கள் கண்டுபிடிக்காத ஒரு பிரதி எங்கோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது சாவி வெளியாள் கையில் இருக்கிறது. இரண்டில் எதுவானாலும் "முதல் பத்து நிமிடம்" பகுதியின் முதல் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.